மொறிஸ் மைனரும் திரும்பும் வழியும்

பிணிகளில் இருவகை உண்டு. வந்தபின் போகாத பிணி ஒன்று. வந்து வந்து போகும் பிணி மற்றொன்று. முன்னது கொடியதெனினும் நேர்மையானது. வைத்தியன் நாடியைப் பிடிக்கும்போது அது தன்னை மறைப்பதில்லை. பின்னதோ, வைத்தியன் வாசலிற் கால் வைத்ததும் ஒளிந்துகொள்ளும். அவன் படலையைக் கடந்ததும் மீண்டும் தலைகாட்டும். மனிதருக்கு மட்டுமன்று, இயந்திரங்களுக்கும் இது பொருந்தும் என்பதை ஒரு பழைய மோட்டார் வண்டி எனக்குக் கற்பித்தது. முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அப்பாடம் வெட்கத்தோடுதான் வந்து சேர்ந்தது. எனினும் ஆசிரியரும் மாணவரும் வாசிக்கும் இவ்விடத்தில் அதனை மறைப்பது முறையன்று.

சுருவில் எங்கள் ஊர். ஒல்லாந்தர் லைடன் என்று பெயரிட்ட வேலணைத் தீவில், ஊர்காவற்றுறைக்கு அண்மையில் உள்ளது. பனையும் உவர்நீரும் உப்புக்காற்றும் எங்கள் முதுசொம். இங்கிருந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டுமாயின் நாரந்தனை, சரவணை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி என ஊர்களைக் கடந்து, பண்ணைக் கடலை ஊடறுத்துச் செல்லும் தெருவால் போதல் வேண்டும். பகலிற் பஸ் உண்டு. நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு நோவென்றால், முற்றத்தில் நிற்கும் வண்டியே துணை. தீவகத்தாருக்குக் கார் ஓர் ஆடம்பரம் என்று கூறுவோர் அவ்விரவுகளை அறியாதோர்.

எங்கள் முற்றத்தில் நிற்பது 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். என் தந்தையார் அதனைப் பழைய வண்டியாக 1964இல் வாங்கினார். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முறை காட்டப்பட்டது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதற் பிரித்தானியக் கார் என்ற பெயரைப் பின்னர் பெற்றது. இத்தகைய வண்டிக்கு வேற்று எஞ்சின் பூட்டுதல் பாவம் என்பார் உளர். அவர்களுக்கு நான் சொல்லும் மறுமொழி ஒன்று உண்டு. செய்தவர்களே அதன் எஞ்சினை மூன்று முறை மாற்றினார்கள். தொடக்கத்தில் இருந்தது 918 கன சென்ரிமீற்றர் எஞ்சின். 1952இல் மொறிஸ் நிறுவனமும் ஒஸ்ரின் நிறுவனமும் ஒன்றிணைந்தபின் ஒஸ்ரினின் 803 வந்தது. 1956இல் 948, 1962இல் 1098. உடல் ஏறக்குறைய அதே உடலாக இருக்க, இதயம் மாறிக்கொண்டே வந்தது.

எங்கள் வண்டியின் பழைய இதயத்தைக் கெடுத்தது காலமன்று, மண்ணெண்ணெய். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தீவகத்தார் பெருந்தொகையாக ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். நாங்களும் வண்டியோடு குடாநாட்டுக்குட் சென்றோம். பெற்றோல் வராத அவ்வாண்டுகளில் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடிய கதையை எங்கள் தலைமுறையினர் அறிவர். காபரேற்றருக்குட் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்புவோம். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய் அதனை ஓட்டும். ஆயின், முற்றாக எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவர்களின் வழியே கீழிறங்கி, எண்ணெயோடு கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுக்கும். வளையங்களும் தாங்கிகளும் மெல்ல மெல்லத் தேயும். 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணமே தென்மராட்சி நோக்கி நடந்த இரவிலும் அவ்வண்டி என் தாயாரைச் சுமந்து சென்றது. இத்தனையும் செய்த எஞ்சின் களைத்துப்போனதில் வியப்பென்ன?

போர் முடிந்து ஊர் திரும்பிய பின்னும் அதனைப் பல ஆண்டுகள் புகையோடு ஓட்டினோம். புதிய வண்டி வாங்குவோம் என்றாலோ, 2020 மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. தனியார் கார்களுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ருவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலையும் வானை எட்டியது. ஆகவே 2023இல் எஞ்சினை மாற்றத் துணிந்தோம். உடைக்கப்பட்ட ஒரு டற்சன் சனி காரிலிருந்து 1171 கன சென்ரிமீற்றர் நிசான் எஞ்சின் கிடைத்தது. மைனரின் கூட்டுக்குள் இவ்வகை எஞ்சினைப் பொருத்துதல் பல நாடுகளிலும் வழக்கிலுள்ளதே. இதில் ஒரு சுவையுமுண்டு. 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஏ40 சமர்செற் கார்களை யப்பானிற் கட்டித் தொழில் பழகிய நிறுவனம் நிசான். பழகியவர் வீட்டுப் பொருள், பழக்கியவர் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

பொருத்தும் வேலையில் ஒரு நுட்பம் இருந்தது. மைனர் போன்ற அக்காலப் பிரித்தானிய வண்டிகளில் மின்கலவடுக்கின் நேர் முனை உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். யப்பானிய எஞ்சினுக்கோ மறை முனையே உடலோடு சேர வேண்டும். மாறிப் பூட்டினால் புதிய மின்பிறப்பாக்கி நொடியிற் கருகிவிடும். அதனால் வண்டியின் மின் ஏற்பாடு முழுவதையும் திருப்ப வேண்டியதாயிற்று. அவ்வேலைக்கு நானே மேற்பார்வையாளன். ஓமின் விதியை எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியவன் அல்லவா! கூட்டினுட் புறத்தைச் சுரண்டிப் புதுப் பூச்சும் பூசுவித்தேன். மூடியைத் திறந்தால் கண்ணாடி போல் மின்னியது.

ஒன்றரை மாதம் வண்டி அழைத்தபோதெல்லாம் எழுந்தது. பின்னர் ஒருநாட் காலை திறப்பைத் திருப்பினேன். 'டிக்' என்று ஓர் ஒலி, வேறொன்றுமில்லை. மறுமுறை திருப்பினேன், அதே ஒலி. நான்காம் முறை ஒன்றும் நடவாததுபோல எஞ்சின் இயங்கியது. அடுத்த நான்கு நாட்களும் குறையில்லை. ஐந்தாம் நாள் மீண்டும் 'டிக்'.

மின்கலவடுக்குப் பழுது என்றார் ஒருவர். சோதித்தால் அது நலிந்துதான் இருந்தது. புதியது வாங்கினேன், பத்து நாட்கள் வண்டி நன்றாக எழுந்தது. பிறகு 'டிக்'. ஸ்ராட்டரைக் கழற்றிப் புதுக் கரிகள் இடுவித்தேன். ஒரு கிழமை நன்று. பிறகு 'டிக்'. திறப்புப் பூட்டை மாற்றினேன், மூன்று நாள். வந்து போகும் பிணியின் வஞ்சகம் இதுதான். அதற்கு எம்மருந்தைக் கொடுத்தாலும் சில நாட்கள் பலித்தது போலவே தோன்றும். பிணி தானே விலகிய நாட்களை நாம் மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். வகுப்பிலே மாணவனொருவன் இவ்வாறு முடிவு காட்டியிருந்தால், ஒப்பீட்டுப் பரிசோதனை எங்கே என்று கேட்டிருப்பேன். என்னை நானே கேட்கவில்லை.

எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையே மின் தொடர்பு உண்டோ என்றும் பன்மானியால் ஒருமுறை சோதித்தேன். அது 'பீப்' என்று ஒலித்தது. தொடர்பு உண்டு என எழுதிவைத்து அப்பக்கத்தை மூடினேன். இவ்வொலியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மார்கழி மாதத்து இரவொன்றில் என் தமக்கையாருக்கு மூச்சிரைப்புக் கண்டது. எழுபத்திரண்டு வயது, சில ஆண்டுகளாகவே இருதயத்துக்கு மருந்து உட்கொள்பவர். கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பின்னிருக்கையில் இருத்தினோம். திறப்பைத் திருப்பினேன். 'டிக்'. மீண்டும் திருப்பினேன். 'டிக்'. முன்விளக்குகள் மழையினூடே பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன. ஹோர்ன் ஊர் எழும்பும்படி ஒலித்தது. எஞ்சின் மட்டும் அசையவில்லை. பின்னாலிருந்து அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. அயல்வீட்டுத் தம்பி எழுந்தோடி வந்து தன் ஓட்டோவில் ஏற்றி ஊர்காவற்றுறை வைத்தியசாலையிற் சேர்த்தார். உயிர் தங்கியது. மூன்றாம் நாள் கட்டிலிற் சாய்ந்தபடி அக்கா சொன்னார்: "தம்பி, அந்தக் காரை வித்துப்போடு. நம்பி ஏற ஏலாத வண்டி ஏன் வீட்டுக்கு?" அறுபதாண்டுகளாக எங்கள் குடும்பத்தைச் சுமந்த வண்டியை அவர் வெறுத்துச் சொல்லவில்லை. அதனால்தான் அச்சொல் என்னைச் சுட்டது.

வேலணையில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வாடகை ஒஸ்ரின்கள் யாழ்ப்பாண நகரில் வரிசையாக நின்ற காலத்தில் தொழில் பழகியவர். கராச்சை மகனிடம் விட்டு ஓய்ந்திருப்பவர். வரச் சம்மதித்தார்; ஆனால் ஒரு ஸ்பனர்தானும் கொண்டுவரவில்லை. நான் மாற்றிய பொருட்களை வரிசையாகச் சொல்லி முடிக்கும் வரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"மாஸ்ரர், ஸ்ராட் வரேல்லை எண்டு எல்லாரும் சொல்லுவினம். எப்பிடி வரேல்லை எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை. எஞ்சின் சுத்துதில்லையோ? சுத்தியும் பத்துதில்லையோ? இல்லாட்டிப் பத்திப்போட்டு நிக்குதோ?"

அம்மூன்று கேள்விகளில் ஒரு சாத்திரமே அடங்கியிருக்கிறது. எஞ்சின் சுழலவே இல்லையெனின் குற்றம் மின்கலவடுக்கிலோ தடித்த வடங்களிலோ ஸ்ராட்டரிலோ இருக்கும். சுழன்றும் பற்றவில்லையெனின் தீப்பொறியையோ எரிபொருளையோ தேட வேண்டும். பற்றி, திறப்பை விட்டதும் நின்றுவிடுமாயின் கொயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள தடையைப் பார்க்க வேண்டும். எழுப்பும் வேளையில் ஒரு வழியாலும் ஓடும் வேளையில் மறுவழியாலும் மின் செல்லும் ஏற்பாடு யப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் உண்டு. எங்கள் வண்டியின் நோய் முதல்வகை. ஆகவே காபரேற்றரையும் கொயிலையும் தொடுவதற்கே நியாயமில்லை.

"ஒரு கொப்பியில எழுதுங்கோ. எப்ப வந்தது, எப்ப வரேல்லை, மழையோ வெயிலோ, லைற் மங்கிச்சோ இல்லையோ. ரெண்டு கிழமைக்கு ஒண்டையும் கழட்டாதேங்கோ," என்று கூறி விடைபெற்றார்.

அக்காவின் பேரன் உயர்தர வகுப்பு மாணவன். கொப்பியை அவன் ஏற்றான். இரண்டு கிழமை முடிவில் மூன்று செய்திகள் துலங்கின. மழைக்குப் பிந்திய காலைகளிலும் பனி கொட்டிய காலைகளிலும் குறை மிகுதி. எஞ்சின் எழாத ஒவ்வொரு முறையும் விளக்குகள் மங்காமல் எரிந்தன. கியரில் இட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் சில வேளைகளில் அடுத்த திருப்பலில் எழுந்தது.

பெரியவர் மீண்டும் வந்து கொப்பியை வாசித்தார். "லைற் மங்கினா பற்றரிக்கு ஏலாது எண்டு அர்த்தம். மங்காட்டிப் பற்றரி குடுக்க நிக்குது, வாங்கிறவனுக்கு வழியில்லை எண்டு அர்த்தம்," என்றார். மூடியைத் திறந்து, என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். 'டிக்'. இன்னுமொரு முறை. 'டிக்'. அப்போது எஞ்சினருகே குனிந்து நின்ற பேரன் கையை உதறினான்.

"தாத்தா, சோக் கம்பி சுடுது!"

பெரியவர் சிரித்தார். காபரேற்றரின் சோக்கை இழுக்கும் மெல்லிய உருக்குக் கம்பிக்குச் சூடாவதற்கு யாதொரு காரணமும் இல்லை. அதில் மின் ஓடினாலன்றி!

அவர் சொற்படி மகன் ஒரு ஜம்பர் வடத்தைக் கொண்டுவந்து, ஒரு முனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் மறு முனையை மின்கலவடுக்கின் மறை முனையிலும் கவ்வவைத்தார். திறப்பைத் திருப்பினேன். அழைக்கக் காத்திருந்தது போல எஞ்சின் எழுந்தது. வடத்தை நீக்கினால் 'டிக்'. மாட்டினால் எழுந்தது. நீக்கியும் மாட்டியும் பலமுறை பார்த்தோம். நான் அதுவரை செய்யத் தவறிய ஒப்பீட்டுப் பரிசோதனை அதுவே.

பன்மானியை எஞ்சினுக்கும் மறை முனைக்கும் இடையே பிடித்து, திறப்பைத் திருப்பியவாறே அளந்தோம். நான்கு வோற்றுக்கு மேற் காட்டியது. நல்ல வண்டியில் அங்கே அரை வோற்றும் இருத்தலாகாது.

மாணவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஸ்ராட்டர் எஞ்சினைச் சுழற்றும் வேளையில் ஏறக்குறைய 150 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். அது எவ்வழியாற் சென்றதோ, வேறொரு வழியால் மின்கலவடுக்குக்குத் திரும்பியாக வேண்டும். திரும்பும் வழியில் வெறும் 0.03 ஓம் தடை இருந்தாலும், 150ஐ 0.03ஆற் பெருக்க, 4.5 வோற்று அங்கேயே தொலைந்துவிடும். எஞ்சியதைக் கொண்டு ஸ்ராட்டர் 'டிக்' என்று பல்லை மட்டும் முன்தள்ளும், சுழற்ற வலுவிராது. பன்மானியின் 'பீப்' ஒலி என்னை ஏமாற்றியதும் இக்காரணத்தாலேயே. அது அனுப்பிப் பார்க்கும் மின்னோட்டம் மிக அற்பமானது. ஒற்றையடிப் பாதையில் ஒருவன் தாராளமாக நடந்துபோகலாம். அதைக் கண்டு அவ்வழியே தேரிழுக்கலாம் என்று முடிவு கட்டுதல் பேதைமை. தேர் போகும்போதே வழியின் அகலத்தை அளக்க வேண்டும். ஆதலால் இத்தகைய தடையை மின்னோட்டம் பாயும் வேளையிலேதான் வோற்றாக அளப்பர்.

இனி, அந்த வழி ஏன் இல்லாமற் போயிற்று? எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளின் மேல் இருப்பது. இறப்பர் மின்னைக் கடத்தாது. அதனால் எஞ்சினையும் உடலையும் இணைக்கச் செப்பிழைகளைப் பின்னிச் செய்த பட்டி ஒன்று பூட்டப்பட்டிருக்கும். ஏர்த் பட்டி என்பர். பழைய எஞ்சினை இறக்கிய நாளில் அது என் கையில் இருந்தது. உப்புக்காற்றாற் களிம்பேறிப் பச்சை நிறமாய், இழைகள் பாதி அறுந்து, பார்க்க அருவருப்பாய் இருந்தது. 'புதிய எஞ்சினுக்குப் புதிய வயர்கள் உண்டு. இந்தக் கந்தல் எதற்கு?' என்று கூறிக் குப்பையில் எறிந்தவன் நானே. அது பூட்டப்பட்டிருந்த இடத்தின் மேலும் மினுமினுக்கும் பூச்சைப் பூசுவித்தேன். கராச்காரர் மேற் பழி சொல்ல இடமில்லை.

பட்டி போனபின் அம்மின்னோட்டம் கிடைத்த வழிகளாலெல்லாம் திரும்ப முயன்றது. சோக் கம்பி, முடுக்கிக் கம்பி, வேகமானியின் வடம் என எங்கெங்கே இரும்பு இரும்பைத் தொட்டதோ அங்கெல்லாம் நுழைந்தது. புதிதில் அவை சுத்தமாக இருந்தமையால் ஒன்றரை மாதம் வண்டி எழுந்தது. கடற்காற்று அவற்றைத் துருவேற்ற, சூடு அவற்றைக் கருக்க, வழி குறுகியது. ஆட்டியபோது எழுந்தது, எஞ்சின் சிறிது அசைந்து எங்கோ ஒரு தொடுகை கூடியதால். விளக்குகளும் ஹோர்னும் உடலோடு நேரே இணைந்தவை. அவற்றின் வழியிற் பழுதில்லை. மின்பிறப்பாக்கியோ எஞ்சினோடு பூட்டியது. அதன் மின்னும் அக்குறுகிய வழியாலேயே திரும்ப வேண்டியிருந்தமையால் மின்கலவடுக்கு முழுமையாக நிறையவில்லை. அது நலிந்திருந்ததற்கும், அதனை நான் குற்றவாளியாக்கியதற்கும் காரணம் இதுவே.

மருந்து எளிது. புதிய செப்புப் பட்டியொன்று வாங்கினோம். நான் பூசுவித்த பூச்சை, வெற்றிரும்பு தெரியும்வரை இரு முனைகளிலும் நானே சுரண்டினேன். பல்லுள்ள வாசர் வைத்து இறுக்கி, இறுக்கிய பின் மேலே வசிலின் தடவினோம். சுத்தமான இரும்பு முதலில், பூச்சு பிறகு. கடலோர ஊரில் இவ்வொழுங்கை மாற்றினால் மீண்டும் துன்பமே. கருகிய சோக் கம்பியையும் மாற்றினோம். இப்போது அதே இடத்தில் அளந்தால் பன்மானி 0.2 வோற்றுக்கும் குறைவாகவே காட்டுகிறது. பெரியவர் கூலி வாங்கவில்லை. நான் தேவையின்றி வாங்கிக் குவித்த பொருட்களைச் சுட்டி, "இதுகளுக்குக் குடுத்தது காணும், மாஸ்ரர்," என்றார்.

கரும்பலகையில் நான் வரைந்த மின்சுற்றுகள் எத்தனை! கலத்திலிருந்து விளக்குக்கு ஒரு கோடு. விளக்கிலிருந்து கலத்துக்கு மறுகோடு. முதற் கோட்டைப் பற்றியே எப்போதும் பேசினேன். திரும்பும் கோடு தானாக இருக்கும் என்ற நினைப்பில், அதனைப் படம் முடிப்பதற்காக வரையும் கோடாகவே எண்ணியிருந்தேன். பொருட்களுக்குள்ளேயே குற்றத்தைத் தேடுகிறோம். பொருட்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களைப் பார்ப்பதில்லை. வந்து போகும் குற்றங்கள் பெரும்பாலும் அவ்விடங்களிலேதான் குடியிருக்கின்றன. இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சுற்று வரையும்போது திரும்பும் கோட்டருகே சற்று நில்லுங்கள். அதிலும் தடையுண்டு என்று சொல்லுங்கள்.

அக்கா நடந்தவற்றைக் கேட்டும் விற்கச் சொன்ன சொல்லை உடனே திருப்பிப் பெறவில்லை. இரண்டு மாதம் பார்த்திருந்தார். ஒவ்வொரு காலையும் நான் எஞ்சினை எழுப்பும்போது யன்னலருகே நின்று கேட்பார் என்பதைப் பேரன் சொல்லித்தான் அறிந்தேன். யாழ்ப்பாணம் கிளினிக்குக்குப் போக வேண்டிய நாளில் ஓட்டோவுக்குச் சொல்லவா என்று கேட்டேன். "ஏன், எங்கட கார் நிக்குதுதானே," என்றவர், மருந்துப் பையை எடுத்துக்கொண்டு தாமே நடந்துசென்று பின்னிருக்கையில் அமர்ந்தார். திறப்பைத் திருப்பினேன்.